உப்புப் பூத்த பலகை

மணப்பட்டிலிருந்து வில்லியனூர் போக பஸ் மாறி மாறித்தான் போக வேண்டும். பிரேமா அன்றைக்கு மீன் கூடை இல்லாமல் பஸ் ஏறியதைப் பார்த்து கண்டக்டரே, "இன்னாக்கா, கடல் லீவா?" என்று கேட்டார். அவள் மடியில் ஒரு ஒயர் கூடை இருந்தது. கூடைக்குள் பழைய வேட்டியில் சுற்றிய ஒரு பலகை. பக்கத்தில் உட்கார வந்த பெண், "கூடைய கீழ வையேன்க்கா, நானும் கொஞ்சம் உக்காருவேன்ல" என்றாள்.

"கீழ வைக்கிற பொருள் இல்லம்மா" என்று சொல்லிவிட்டு பிரேமா ஜன்னல் ஓரம் ஒடுங்கிக்கொண்டாள். இது என் புருஷன் என்று உண்மையைச் சொல்லியிருந்தால், அந்தப் பெண் அடுத்த ஸ்டாப்பிலேயே இறங்கி ஓடியிருப்பாள்.

புருஷன் பெயர் மணவாளன். மீனவர் வீட்டுப் பிள்ளைதான் என்றாலும் கடல்மேல் அவனுக்கு அவ்வளவு பிரியம் கிடையாது. திருபுவனையில் டிவிக்குள் வைக்கிற தகடுகளைப் பற்றவைக்கிற கம்பெனி ஒன்றில் வேலை பார்த்தான். லீவு நாளில் மட்டும் அப்பன் விட்டுப்போன கட்டுமரத்தைத் தள்ளிக்கொண்டு போவான். தொண்ணூற்று மூன்றாம் வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியலில் அப்படித்தான் போனான். மத்தியானம் கட்டுமரம் மட்டும் தனியாகக் கரைக்கு வந்தது. துடுப்பு அதன்மேல் நன்றாக இறுக்கிக் கட்டியிருந்தது. மூழ்குகிறவன் துடுப்பைக் கட்டிவைத்துவிட்டா மூழ்குவான் என்று அன்றைக்கு ஒருத்தருக்கும் தோன்றவில்லை. அழுகிற அவசரத்தில் யார் முடிச்சைப் பார்க்கிறார்கள்?

உடம்பு கிடைக்கவில்லை. மாமியார் கலியம்மாள் கருமாதி செய்ய விடவில்லை. "கண்ணால பாக்காம எம்புள்ள செத்தான்னு எவன்டா சொல்றது?" என்று பஞ்சாயத்தார் முகத்துக்கு நேராகக் கேட்டாள். பிரேமாவும் தாலியோடு, பொட்டோடு, காத்திருந்தாள். மூன்று வருஷம் போனது. ஒரு நாள் பிரேமா மீன் விற்றுவிட்டு வந்து பார்த்தால், சாமி மாடத்தில் ஒரு பச்சைப் பலகை இருக்கிறது. பலகை முழுக்கக் கறுப்புக் கறுப்பாகப் பூரான் போலக் காலுள்ள துண்டுகள். நடுவில் வெள்ளிக் கோடுகள். ஓரத்தில் சுண்டுவிரல் அளவுக்கு ஒரு நீல உருண்டை. "அவன் பொட்டியில இருந்துச்சிடி. கம்பெனிலேர்ந்து எடுத்தாந்து வச்சிருக்கான். அவன் கை பட்ட பொருளு" என்றாள் கலியம்மாள். வெள்ளிக்கிழமை தவறாமல் அதற்குச் சந்தனம் தெளித்துக் குங்குமம் வைத்தாள்.

இன்னும் மூன்று வருஷம் கழித்துத்தான் அது நடந்தது. மாசிமகத்துக்குச் சாமி கடலாடப் போகும் நேரத்தில் மாடத்தைத் துடைக்கப்போன கலியம்மாள் அலறினாள். பலகையில் உப்புப் பூத்திருந்தது. நீல உருண்டையைச் சுற்றி வெள்ளையும் பச்சையுமாக, படகின் அடியில் பூப்பது போலவே பூத்திருந்தது. வீட்டுக்குள், சாமி மாடத்தில், தண்ணீர் படாத இடத்தில் எங்கிருந்து வந்தது உப்பு? மணப்பட்டில் இதற்குப் பதில் தெரியாத ஆள் கிடையாது. கடலுக்குள் கிடக்கிறவன் தன் பொருளின் வழியாகச் சொல்கிறான். கலியம்மாள் நெஞ்சில் அடித்துக்கொண்டு, "பூட்டான்டி, நெசமாவே பூட்டான்" என்றாள். கருமாதி நடந்தது. ஊர்ப் பெண்கள் பிரேமாவைக் கடலோரம் உட்காரவைத்துத் தாலியைக் கழற்றினார்கள். பொட்டை அழித்தார்கள்.

அதன்பிறகு துடைக்கத் துடைக்க உப்புப் பூத்தது. மழைக்காலத்தில் அதிகம் பூக்கும். தொழிலுக்குப் போகிறவர்கள் பிரேமாவை வழியில் நிறுத்தி, "உப்பு எப்படிக்கா இருக்குது?" என்று கேட்டுவிட்டுப் போவார்கள். அதிகம் என்றால் அன்றைக்குப் படகு இறக்கமாட்டார்கள். பிள்ளைகள் அந்த வீட்டு வாசலை ஓடித்தான் கடக்கும். பிரேமா மட்டும் எங்கே ஓடுவாள்? விளக்கேற்றினாள், படையல் போட்டாள், அந்த மாடத்துக்கு முதுகைக் காட்டாமல் படுத்தாள். அறியாத வயதில் இழந்த புருஷனின் முகம் மறந்துபோய், மணவாளன் என்றால் அந்தப் பலகையே நினைவுக்கு வருகிற அளவுக்கு வந்துவிட்டது.

இப்போது கலியம்மாள் படுத்த படுக்கை. இந்த மாசிமகத்தில் பலகையைக் கடலில் விட்டுவிடச் சொல்லிவிட்டாள். தனக்கு முன்னால் அது போய்ச்சேர வேண்டுமாம். பிரேமாவுக்கு அதில் ஆட்சேபணை இல்லை. ஆனால் பாதி ஆயுசு எதற்கு விளக்கேற்றினோம் என்று தெரியாமல் அதைத் தண்ணீரில் விட அவளுக்கு மனம் வரவில்லை. கிருமாம்பாக்கத்தில் கம்ப்யூட்டர் கடை இருக்கிறதுதான். அங்கே போனால் அவள் வீடு திரும்புவதற்குள் சேதி வீட்டுக்குப் போய்விடும். அதனால் வில்லியனூர்.

கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்க்கிற ரஞ்சனியின் கடை, அங்கே கடைத்தெருவுக்குப் பின்னால் ஒரு மாடிப்படிக்குக் கீழே இருந்தது. அவளும் ஒரு காலத்தில் திருபுவனையில் வேலை பார்த்தவள். மற்றவர்கள் சுவரில் காலண்டர் மாட்டினால் இவள் பழைய கம்ப்யூட்டர் போர்டுகளை மாட்டியிருந்தாள். செத்துப்போன போர்டைப் பார்த்து எந்த ஊர், எந்த வருஷம் என்று கண்டுபிடிக்கிறது அவளுக்கு ஒரு பைத்தியம். அதே பைத்தியம் பிடித்தவர்கள் குரூப் ஒன்றும் அவள் போனில் இருந்தது.

ரஞ்சனி வேட்டியைப் பிரித்தாள். சந்தனமும் குங்குமமும் ஏடு ஏடாக அப்பியிருந்த அந்தப் பொருளைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள்.

"இது மதர்போர்டுக்கா. கம்ப்யூட்டரோட தாய்ப்பலகை. யாருக்கா இதுக்குப் பொட்டெல்லாம் வச்சது?"

"எங்க மாமியாரு. எங்கூட்டுக்காரரு கடல்ல பூட்டாரு. இது அவரு பொருளு. அடுத்த வாரம் மகத்துல கடல்ல வுடப் போறோம். அதுக்கு முன்ன இது இன்னா, எங்கேர்ந்து வந்துச்சுன்னு எனக்குத் தெரியணும்."

"கம்பெனி பேரு எங்கயும் இல்லியே." ரஞ்சனி அதைத் திருப்பினாள். நீல உருண்டையைப் பார்த்ததும் முகம் சுளித்தாள். "அடப்பாவமே, பேட்டரி இப்படிக் கக்கி வச்சிருக்குது."

"இன்னா கக்கி வச்சிருக்குது?"

"இது பேட்டரிக்கா. கரண்ட் இல்லாதப்பக்கூட தேதி, நேரம் ஞாபகம் வச்சிக்கிறதுக்குப் போடுவாங்க. நாளானா உள்ள இருக்கிறது கசிஞ்சி இப்படி வெள்ளையாப் பூத்துடும். பழைய போர்டு எல்லாத்துக்கும் இதே கதிதான்."

"அது கடல் உப்பு" என்றாள் பிரேமா. குரல் சற்று உயர்ந்துவிட்டது. ரஞ்சனி ஒரு பாட்டிலிலிருந்து வினிகரை ஒரு சொட்டு எடுத்து அந்த வெள்ளையின்மேல் விட்டாள். சொட்டு நுரைத்துப் பொங்கியது. சீறுகிற சத்தம்கூடக் கேட்டது.

பிரேமா பார்த்துக்கொண்டே இருந்தாள். உப்பையும் புளியையும் சேர்த்து மீன் கழுவியே கை தேய்ந்தவள் அவள். உப்பு புளிப்பில் கரையும், பொங்காது. இதை அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கடையில் இருந்த நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். ஒரு பேட்டரி. ஒரு பேட்டரிக்காகவா ஊரே கூடித் தன் பொட்டை அழித்தது?

"சுத்தம் பண்ணிப் பாக்கட்டுமாக்கா? சந்தனத்துக்கு அடியிலதான் நம்பர் இருக்கும்."

"பண்ணு" என்றாள் பிரேமா. ரஞ்சனி சின்னப் பிரஷ்ஷால் சந்தன ஏட்டைப் பெயர்த்தாள். குங்குமம் பொடியாக உதிர்ந்தது. கறுப்புத் துண்டுகளின் முதுகில் மங்கலான எண்கள் வெளியே வந்தன. ரஞ்சனி டார்ச் அடித்து ஒவ்வொன்றாகப் படித்தாள்.

"இந்த நாலு நம்பர்ல முதல் ரெண்டும் செஞ்ச வருஷத்தச் சொல்லும்க்கா. தொண்ணுத்தஞ்சு. இதுவும் தொண்ணுத்தஞ்சு. இதோ, இது தொண்ணுத்தாறு."

"இல்லம்மா. சரியாப் பாரு. அவரு பூட்டது தொண்ணுத்தி மூணு. அவரு பொட்டியில இருந்துச்சு."

ரஞ்சனி மறுபடி எல்லாவற்றையும் படித்தாள். அப்புறம் மெதுவாகச் சொன்னாள். "செய்யாத பொருள எப்படிக்கா பொட்டியில வச்சிட்டுப் போவாரு?"

ரஞ்சனி ஒரு மூலையில் மட்டும் கட்டியாக நின்றிருந்த சந்தனத்தைச் சுரண்ட ஆரம்பித்தாள். மற்ற இடத்தைவிட அங்கே கனமாக அப்பியிருந்தது. அந்த மூலைக்குக் கலியம்மாள்தான் பொட்டு வைப்பாள். பிரேமா கை வைக்கப் போனால், "நீ வேணாம், தலைமாட்டுல நான் வைக்கிறேன்" என்பாள். பெற்றவளின் உரிமை என்று பிரேமா விட்டுவிடுவாள்.

சந்தனம் விலகிய இடத்தில் சிறிய வெள்ளைக் கட்டம் ஒன்று இருந்தது. அதற்குள் அழியாத பேனாவால் ஒரு குறி. தூண்டில் முள் ஒன்று, அதன் வயிற்றுக்குள் ஒரு புள்ளி.

மணப்பட்டில் வீட்டுக்கு ஒரு குறி உண்டு. வலை மிதவைகள் ஒன்றோடு ஒன்று கலந்துபோனால் பிரித்தெடுக்க, அவரவர் குறியைப் பெயிண்டில் போட்டுவைப்பார்கள். படிக்கத் தெரியாத வீட்டிலும் குறி இருக்கும். முள்ளும் புள்ளியும் கலியம்மாள் வீட்டுக் குறி. பிரேமா வாழவந்த அன்றைக்கு அவள் கொண்டுவந்த குண்டானின் அடியில்கூட மணவாளன் சிரித்துக்கொண்டே அதைப் போட்டான். அந்தக் குண்டானில்தான் இன்றைக்கும் உலை வைக்கிறாள்.

"இது டெஸ்ட் பண்ணி ஓகே ஆச்சுன்னு, பண்ணவரு போடுற குறிக்கா. யாருதுன்னு தெரியுதா?"

"தெரியுது" என்றாள் பிரேமா.

ரஞ்சனி போட்டோ எடுத்துக் குரூப்பில் போட்டாள். மகத்துக்கு முந்தின நாள் வந்து வாங்கிக்கொள்ளச் சொன்னாள். பிரேமா வெறும் கூடையோடு பஸ் ஏறினாள்.

வீட்டில், பலகை எங்கே என்று கலியம்மாள் கேட்டாள். கடலில் விடுவதற்கு முன்னால் மஞ்சள் தண்ணீரில் கழுவக் கொடுத்திருப்பதாக பிரேமா வாய்க்கு வந்த ஒரு பொய்யைச் சொன்னாள். வழக்கம்போல் கஞ்சி ஊட்டினாள். வாயைத் துடைத்தாள். துடைக்கும்போது கை கொஞ்சம் அழுத்திவிட்டது, கிழவி சுளித்தாள். பெட்டியில் இருந்தது என்று சொன்ன வாய் அல்லவா அது. கேட்டுவிடலாம் என்று பிரேமாவுக்கு நாக்கு நுனிவரை வந்தது. கேட்டால் பதில் வந்துவிடுமே என்ற பயத்தில் விழுங்கிக்கொண்டாள்.

பலகை இல்லாத மாடம், பலகை இருந்த மாடத்தைவிட மோசமாக இருந்தது. இத்தனை நாள் மணவாளன் இருக்குமிடம் தெரியும்: மாடத்திலும் கடலிலும். இப்போது அவன் எங்கேயும் இருக்கலாம். செத்தவனின் பேய் ஒரு மரத்தைப் பிடித்துக்கொண்டு அங்கேயே கிடக்கும். உயிரோடு இருக்கிறவனின் பேய் எல்லா பஸ்ஸிலும் ஏறி இறங்கும். கடலூர் ரோட்டில் மீன் விற்கும்போது நரைத்த தலையுள்ள ஆண்பிள்ளை யார் வண்டியை நிறுத்தினாலும் பிரேமா வியாபாரத்தை விட்டுவிட்டு அவரையே பார்த்தாள். ஒருவர் சங்கரா மீனை எடுத்துச் செவுளைப் பிரித்துப் பார்த்துவிட்டு வைத்தார். அந்த விரல்களையே அவள் பார்த்துக்கொண்டிருந்ததில், "இன்னாம்மா, வெல சொல்லு" என்று அவர் இரண்டு தரம் கேட்க வேண்டியதாயிற்று. முப்பது வருஷத்துக்கு முந்தின கையை வைத்துக்கொண்டு கிழவன் கையை எப்படி அடையாளம் காண்பது? அவளுக்குத் தன்மேலேயே எரிச்சலாக வந்தது.

மகத்துக்கு முந்தின நாள் காலையில் வில்லியனூர் போனாள். பலகை சுத்தமாக, புதுசு போல மேஜைமேல் இருந்தது. சந்தனம் இல்லாமல் அதைப் பார்க்க அவளுக்குக் கூச்சமாக இருந்தது.

"கண்டுபிடிச்சாச்சுக்கா" என்றாள் ரஞ்சனி. அவள் குரலில் சந்தோஷம் இல்லை. "சேலத்துல ஒருத்தர் பதில் போட்டிருக்காரு. கரும்பு லாரி எடை போடுற எடைமேடைக்குன்னு ஓசூர் பக்கம் ஒரு சின்ன கம்பெனி செஞ்ச போர்டாம். கம்பெனி எப்பவோ மூடிட்டாங்க. அவர்கிட்டயும் ஒண்ணு இருக்குது. போட்டோ அனுப்பியிருக்காரு."

போனை நீட்டினாள். இதே பலகை, அதே மூலை, அதே வெள்ளைக் கட்டம். அதற்குள் முள்ளும் புள்ளியும்.

"அந்த போர்டு எந்த வருஷம்?" என்று கேட்டாள் பிரேமா. கேள்வி கேட்கக் கற்றுக்கொண்டுவிட்டாள்.

"ரெண்டாயிரத்தி ரெண்டுக்கா."

பிரேமா மனதுக்குள் கணக்குப் போட்டாள். பெரிய கணக்கு ஒன்றுமில்லை. "நான் பொட்டு அழிச்ச பொறவும் அவன் பேனா புடிச்சி முள்ளு வரைஞ்சிகினு இருந்திருக்கான்" என்றாள். இத்தனை வருஷம் அவர் இவர் என்றிருந்த வாய் அது.

"வேணும்னா தேடலாம்க்கா. கம்பெனியில வேல பாத்தவங்க யாராச்சும் கெடைப்பாங்க. கேக்கட்டுமா?"

பிரேமா பலகையை வேட்டியில் சுற்றினாள். "இன்னிக்கு வேணாம்மா" என்றாள்.

விளக்கு வைக்கிற நேரத்துக்கு வீட்டுக்கு வந்தாள். கடற்கரையில் நாளைக்குச் சாமி இறங்கப் பந்தல் போட்டுக்கொண்டிருந்தார்கள். மேளக்காரர்கள் சும்மா தட்டிப் பார்க்கிற சத்தம் கேட்டது. கலியம்மாள் கயிற்றுக் கட்டிலில் விழித்தபடி கிடந்தாள். பிரேமா வேட்டியைப் பிரித்து, குறியிருந்த மூலை தெரிகிற மாதிரி பலகையைக் கிழவியின் மார்மேல் வைத்தாள்.

கலியம்மாள் அதைப் பார்த்தாள். விரலால் அந்த மூலையைத் தடவினாள். சந்தனம் இல்லை. பிறகு கேட்டாள்.

"சொல்லிட்டானா?"

கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். "நீ சொல்லு" என்றாள். மாமியாரை அவள் நீ என்று அழைத்தது அதுதான் முதல் தடவை.

"ஒரு மத்தியானம் வந்தான். நீ மீன் விக்கப் போயிருந்த. மொகத்த துண்டால மூடிகினு வந்தான். இத குடுத்தான். இப்ப இதான் செய்யறேன், நல்லா இருக்கேன்னான். கடலு வேணாம், இந்த ஊரு வேணாம்னான். யாருகிட்டயும் சொல்லாத, மறுபடி வரேன்னு எந்தலமேல அடிச்சி சத்தியம் வாங்கிகினு பூட்டான். உயிரோட இருக்கிறானேன்னு நானும் வாய மூடிகினேன்." கிழவிக்கு மூச்சு வாங்கியது. "பொறவு உப்பு பூத்துச்சுடி. பொய்யா கடல்ல செத்தவன கடல் வுடுமா? நெசமாவே எடுத்துகிச்சு. அவன் செஞ்ச பொருளே வந்து அழுவுது. அதுக்கப்புறந்தான் உன் தாலிய எடுக்கச் சொன்னேன். சாமி சத்தியமா அதுவரைக்கும் எடுக்கல."

பிரேமா அவளையே பார்த்தாள். இத்தனை வருஷமும் இந்தக் கிழவி நடிக்கவில்லை. நெஞ்சில் அடித்துக்கொண்டதும், வெள்ளிக்கிழமை தோறும் அழுததும், எல்லாம் உண்மை. பெற்ற பிள்ளையைப் பேட்டரிக்குப் பறிகொடுத்து அழுதிருக்கிறாள். பிரேமாவுக்கு இரக்கமும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன.

"அன்னிக்கு வந்தப்போ என்னப் பத்திக் கேட்டானா?"

கலியம்மாள் யோசித்தாள். நிஜமாகவே ஞாபகப்படுத்திப் பார்த்தாள். "தண்ணி கேட்டான். குடுத்தேன்" என்றாள்.

வெளியே மேளம் ஒரு சுற்று தட்டி நின்றது. அந்த ஒரு வார்த்தை போதுமாக இருந்தது பிரேமாவுக்கு. கிழவியின் கடைசி நாளாவது நிம்மதியாகப் போகட்டும் என்று பஸ்ஸில் வரும்போது நினைத்திருந்ததெல்லாம் எங்கோ போய்விட்டது.

"அது கடல் உப்பு இல்ல அத்தே. பேட்டரி. அந்த நீலமா இருக்குதே, அது கசிஞ்சி வந்தது. உப்பே கெடையாது. நாம அழுத பொறவும் உம்புள்ள இதே வேலதான் செஞ்சிகினு இருந்திருக்கான். கையெழுத்தப் பாத்துட்டுதான் வரேன்."

கலியம்மாள் கண்ணை மூடினாள். செத்துவிட்டாளோ என்று பிரேமா பயந்துபோய் மூக்கில் விரல் வைக்கக் குனிந்தாள். கிழவி கண்ணைத் திறந்தாள். ஆடி மாசத்திலிருந்து செத்துச் செத்துக் கிடந்த கண்ணில் இப்படி ஒரு வெளிச்சத்தை பிரேமா பார்த்ததில்லை.

"அப்போ இருக்கிறான்" என்றாள். "வரேன்னானே. என்ன தூக்கி உக்கார வைய்யி. கதவுக்கு நேரா திருப்பு."

"அத்தே."

"போடி, போயி பொட்டு வச்சிகினு வா. புள்ள வரப்ப இப்படியா நிப்ப?"

பிரேமா நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். பழக்கமில்லாத இடத்தைத் தொடுவது போலிருந்தது. "வச்சிக்க மாட்டேன்" என்றாள். "வந்தா வெளக்கமாத்தாலதான் வரவேப்பேன், ஆமா." சத்தமாகவே சொன்னாள். கிழவிக்கு அது காதில் ஏறவில்லை. அவள் ஏற்கனவே வாசலைப் பார்க்க ஆரம்பித்திருந்தாள். பிரேமா அவளைத் தூக்கி உட்காரவைத்து, முதுகுக்குத் தலையணை கொடுத்து, கட்டிலைக் கதவுக்கு நேராக இழுத்துப் போட்டாள்.

மறுநாள் சாமி கடலாடியது. பலகை போகவில்லை. கலியம்மாளும் போகவில்லை, அதற்கப்புறம் கஞ்சியை மிச்சம் வைக்காமல் குடித்தாள். யார் வாசலைக் கடந்தாலும், "யாரது?" என்று கேட்டாள். பிள்ளைகள் இப்போதெல்லாம் அந்த வீட்டைத் தாண்ட இன்னும் வேகமாக ஓடுகின்றன.

பிரேமா மாடத்தில் விளக்கேற்றுவதை நிறுத்திவிட்டாள். பலகை அரிசி மூட்டைக்குப் பின்னால் கிடக்கிறது. ரஞ்சனியிடமிருந்து இரண்டு தடவை போன் வந்தது, எடுக்கவில்லை. அவனைத் தேட மாட்டேன் என்பதில் அவள் உறுதியாகத்தான் இருக்கிறாள். சாயங்காலம் பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்ப்பாள். குண்டானைக் கவிழ்க்கும்போது அடியிலிருக்கும் முள்ளையும் புள்ளியையும் பார்க்காமல் கவிழ்ப்பாள். படுக்கப் போகிற நேரத்தில் கிழவி, "கதவு தொறந்திருக்குதாடி?" என்று கேட்பாள்.

"சாத்திட்டேன், தூங்கு" என்று பிரேமா கத்துவாள். ஆனால் தாழ்ப்பாள் மட்டும் போடுவதில்லை.